மியூசியத்தில் டிபன் பை

ஆம்பூர் ஷூ கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வுபெற்ற வில்சன், மகன் ஷாஜின் வேலை பார்க்கும் அமெரிக்கப் பல்கலைக்கழக ஊரைச் சத்துவாச்சாரியில் உள்ள தன் வீட்டு டிவியில் காட்டிக்கொண்டிருக்கிறார். "ஒருநாள்கூட எங்கள வீட்ல உக்கார வுடல. டெய்லி மியூசியம்தான்." கண்ணாடிப் பெட்டிக்குள் இருநூறு வருஷத்துச் செருப்பு, முன்னால் கோட்டு போட்ட வில்சன், பக்கத்தில் மனைவி ஜெயசீலி, கையில் டிபன் பை. அடுத்த படத்தில் பீரங்கி, அதே பை. டிவி வெளிச்சம் ஜெயசீலியின் முகத்தில் நீலமாக மாறி மாறி விழுகிறது.

"ஒண்ணுலயும் புள்ள இல்லியேக்கா. போட்டோ யாரு புடிச்சது?" என்கிறாள் பக்கத்து வீட்டு கெங்கம்மாள்.

வில்சன் அவசரமாக அடுத்த படத்துக்குத் தாவுகிறார். ஜெயசீலி காபி டம்ளர்களைப் பொறுக்கியபடி சொல்கிறாள்.

"அங்க வாட்ச்மேன். டிக்கெட் இல்லாத எடம். புள்ள காலைல இறக்கி வுட்டுட்டு சாயங்காலம்தான் ஏத்திக்கினு போவான். நாங்க வீட்ல இருந்தா மருமவளுக்கு பேஜாரு. கெளம்பறப்ப, மறுபடி எப்ப வருவீங்கன்னு அந்த வாட்ச்மேன் ஒருத்தர்தான் கேட்டாரு."