பன்னிரண்டாவது சொடுக்கு

காலமான தாத்தா ஓட்டிய நாற்பது வருடத்துப் பழைய ரேஸ் சைக்கிள் ஃபிரேமில் காலேப் புதுக் கியர் செட் மாட்டச் சொன்னான். சேலையூர் மெக்கானிக் தௌசிப் மாட்டிவிட்டுத் தலையைச் சொறிந்தார். பின்சக்கரத்தில் பல்சக்கரம் பதினொன்றுதான் இருந்தது. லீவர் பன்னிரண்டு முறை சொடுக்கியது.

“கடைசி ஒண்ணு எங்க பாய் போவுது?”

“பழைய வண்டி சார். அதுவா ஒண்ணு வெச்சிக்கினு கீது.”

ஞாயிறு காலை மேடவாக்கம் மேம்பாலத்தில் நண்பன் ஜேசனோடு பந்தயம். காலேப் தோற்றால் ஃபிரேமைக் காயலான் கடைக்குப் போட்டுவிட வேண்டும். ஏற்றத்தில் ஜேசன் முந்தினான். மூச்சு வாங்கிய காலேப் பன்னிரண்டாவது சொடுக்கைப் போட்டான். சைக்கிள் சிட்டாகப் பறந்தது.

பின்னாலிருந்து ஜேசன் கத்தினான்: “அழுகுணி ஆட்டம்டா மச்சான்! வேட்டிய மடிச்சுக் கட்டிக்கினு பின்னாடி ஒருத்தர் மிதிக்கிறாரே, அவர இறக்கி வுடு!”

அந்தச் சைக்கிளுக்குக் கேரியரே கிடையாது. காலேப் திரும்பிப் பார்க்கவில்லை, கியரையும் மாற்றவில்லை.