மூவாயிரத்து இருநூறு கிலோமீட்டர்

சப்ரி சமையலறை மேசையில் வரைபடத்தை விரித்ததுமே எனக்குக் கொட்டாவி வந்தது.

பயணம் வெள்ளிக்கிழமைதான். ஆனால் ஜெர்மனியில் இந்த டூயிஸ்பர்க்கிலிருந்து துருக்கியில் எங்கள் யோஸ்காத் வரைக்கும் உள்ள மூவாயிரத்து இருநூறு கிலோமீட்டரும் இப்போதே என் இடுப்பில் ஏறி உட்கார்ந்துவிட்டது.

இது முப்பத்தோராவது கோடை. எங்கள் தெருவில் பாதிப் பேர் விமானத்தில் போய் மதியச் சாப்பாட்டுக்கு ஊரில் உட்கார்ந்துவிடுகிறார்கள். என் வீட்டுக்காரருக்குக் கார்தான். விமானத்தில் போகிறவன் விருந்தாளி, காரில் போகிறவன்தான் ஊர்க்காரன் என்பது அவர் கட்சி.

விரலை வைத்துக்கொண்டு ஆரம்பித்தார்.

"பாஸாவ்ல ஆஸ்திரியாக்குள்ள நுழையறோம். இருட்டறதுக்குள்ள புடாபெஸ்ட்டைத் தாண்டிடணும். செர்பியால ஓட்டறது உனக்கு."

"செர்பியா என்னிக்கு எனக்கில்லாம இருந்தது? பின்சீட்ல குறட்டை விட ஒரு ஆள் வேணுமே."

வழக்கமாக இதற்குச் சிரிப்பார். இன்று சிரிக்கவில்லை.

போன வருஷம் பல்கேரிய எல்லையில் ஏழு மணி நேரம் நின்றோம். நாற்பது டிகிரி வெயில். என் கால் இரண்டும் வீங்கிச் செருப்புக்குள் நுழையவில்லை. முதியோர் இல்லத்தில் தரை துடைத்துத் துடைத்தே தேய்ந்த கால்கள் அவை. அவர் ஓய்வு பெற்று நான்கு வருஷம் ஆகிறது. எனக்கு இன்னும் இரண்டு பாக்கி.

அந்த எல்லையைச் சனிக்கிழமை விடிவதற்குள் தாண்டினால் கூட்டம் இருக்காதாம். தேநீர்க் கடையில் யாரோ சொன்னார்களாம். ஒவ்வொரு வருஷமும் யாரோ சொல்கிறார்கள். ஒவ்வொரு வருஷமும் அதைக் கேட்ட எல்லோரும் அங்கே எங்களோடு வரிசையில் நிற்கிறார்கள்.

எனக்குப் போகிற வழியைப் பற்றிக் கவலை இல்லை. திரும்புகிற வழிதான் கவலை.

செப்டம்பர் பத்தாம் தேதி எங்கள் மகள் நில்கூனுக்குப் பிரசவத்துக்கு நாள் குறித்திருக்கிறார்கள். இரண்டு தடவை கலைந்த பிறகு தங்கிய பிள்ளை. கோர்ட்டில் நின்று வாதாடுகிற பெண், போன வாரம் போனில் தேம்பித் தேம்பி அழுதாள். "அம்மா, நீ பக்கத்துல இருக்கணும்மா" என்பதைத் தவிர அவளால் வேறு எதுவும் சொல்ல முடியவில்லை.

இருப்பேன் என்று சொல்லியிருக்கிறேன். ஆகஸ்ட் முப்பத்தொன்றுக்குள் நான் இந்த வீட்டில் இருந்தாக வேண்டும்.

சப்ரியின் நோட்டில் எப்போதும் இடது பக்கம் போகிற வழி, வலது பக்கம் வருகிற வழி. இன்று இடது பக்கம் நிரம்பிவிட்டது, வலது பக்கம் காலி.

"திரும்பறது எப்போன்னு எழுதலையே, சப்ரி?"

"முதல்ல போய்ச் சேருவோம். அப்புறம் பாக்கலாம்."

காரில் ஏற்கெனவே துளைபோடும் இயந்திரத்தையும் குளிர்கால பூட்ஸையும் ஏற்றியிருந்தார். ஊரில் கட்டிய வீட்டில் வேலை இருக்கிறதாம். பூட்ஸ் இங்கே நிலவறை ஈரத்தில் வீணாகிறதாம். ஜூலை மாதத்தில் பூட்ஸ் எதற்கு என்று கேட்டிருக்கலாம். அன்று இரட்டை ஷிப்ட் முடித்து வந்திருந்தேன், கேட்கவில்லை.

அழைப்பு மணி அடித்தது.

எதிர்வீட்டு ரோஸ்விதா. எழுபத்து நான்கு வயது. வீட்டுச் செருப்போடு, பூச்செடிக்குத் தண்ணீர் விடுகிற பச்சைக் கேனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"வெள்ளிக்கிழமை எத்தனை மணிக்குக் கிளம்பறீங்க? நான் அலாரம் வைக்கணும்ல."

எங்கள் ஊர்க்காரர்களில் யார் பயணம் கிளம்பினாலும் வண்டியின் பின்னால் தண்ணீர் ஊற்ற வேண்டும். போனவர்கள் நல்லபடியாகத் திரும்பி வருவதற்காக. ஊற்றுகிறவர் பயணம் போகாமல் இங்கேயே தங்குகிறவராக இருக்க வேண்டும். எதிர்வீட்டுக்குக் குடிவந்த முதல் வருஷம், யாரோ தெருவை அசிங்கப்படுத்துகிறார்கள் என்று நினைத்து ரோஸ்விதா துடைப்பத்தோடு ஓடி வந்தாள். விஷயத்தைச் சொன்னதும் அந்த வேலையைத் தானே எடுத்துக்கொண்டாள். பத்தொன்பது வருஷமாக அவள்தான்.

சப்ரிக்கு மசூதிப் பக்கம் அவ்வளவாகப் போக்குவரத்து கிடையாது. ஆனால் இந்தத் தண்ணீர் விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டார். ஒரு வருஷம் ரோஸ்விதா ஆஸ்பத்திரியில் இருந்தாள். அறுபது கிலோமீட்டர் தள்ளி கொலோன் வரை போன பிறகுதான் தண்ணீர் ஊற்றாதது நினைவுக்கு வந்தது. வண்டியைத் திருப்பி வந்து, கீழே பேக்கரிக்காரரை மாவுக் கையோடு இழுத்துவந்து ஊற்றவைத்த பிறகுதான் மறுபடி கிளம்பினார்.

"இந்த வருஷம் வேணாம், ரோஸ்விதா," என்றார் சப்ரி. வரைபடத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. "விடிகாலைல எதுக்கு உங்களுக்குச் சிரமம்? நல்லாத் தூங்குங்க."

ரோஸ்விதாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. தான் ஏதோ தப்பு செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டு கேனை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள்.

நோட்டின் வலது பக்கம் ஏன் காலி என்று எனக்குப் புரிந்தது. ஆத்திரமாக வந்தது. மூன்று நாடு தாண்டிய பிறகு சொல்லலாம் என்றிருந்தாரா, ஊரில் போய் இறங்கிய பிறகா? இத்தனை களைப்புக்குள்ளும் எனக்கு இவ்வளவு கோபம் மிச்சமிருந்தது என்று அதுவரை எனக்கே தெரியாது. அழுகையும் வந்தது. அதை மட்டும் விழுங்கிக்கொண்டேன்.

ரோஸ்விதாவின் கையிலிருந்து அந்தக் கேனை வாங்கிக்கொண்டேன்.

"அவர் சொல்றது சரிதான், நீங்க தூங்குங்க," என்றேன். "இந்த வருஷம் தண்ணியை நான் ஊத்தறேன்."

அப்போதுதான் சப்ரி தலையைத் தூக்கினார்.