தாளோடு கிடந்த கதிர்

“ஏய்! கீழ சிந்திக் கெடக்கிறத மட்டும் பொறுக்கிக்கினு போ. கட்டுல கை பட்டுச்சி, அவ்ளோதான்!”

ராஜாம்பாளின் அதட்டல் கழனியின் அந்தக் கோடி வரைக்கும் கேட்டது. வரப்பில் குடை விரித்து உட்கார்ந்திருந்த அவள் கொழுந்தன் தங்கதுரை திருப்தியாகத் தலையாட்டினான்.

கூடையோடு குனிந்திருந்த கொளஞ்சி, எடுத்த கதிரைக் கூடையில் போடாமல் நிமிர்ந்து பார்த்தாள்.

பன்னிரண்டு வருஷமாக ராஜாம்பாளின் இந்தக் கழனியில் நடவும் அறுப்பும் அவள்தான். ராஜாம்பாள் அவளைப் பேர் சொல்லாமல் கூப்பிட்டதே இல்லை.

எல்லாம் நாலு மாசத்துக்கு முந்தி நடந்த அந்த எண்பத்தேழாம் வருஷத்து மறியலால் வந்தது. இட ஒதுக்கீடு கேட்டு ஊரார் ஒரு வாரம் சங்கராபுரம் சாலையில் புளியமரங்களை வெட்டிச் சாய்த்தார்கள். போலீஸ் வந்து ஆட்களை அள்ளிக்கொண்டு போனது. பேர் சொல்லிக் காட்டிக்கொடுத்தது கொளஞ்சி இருக்கும் காலனிதான் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். யார் பார்த்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. காலனி ஆளைக் கூலிக்குக் கூப்பிடக் கூடாது, அவர்களோடு பேசிப் பழகக் கூடாது, ஒரு படி நெல்லும் கொடுக்கக் கூடாது என்று ஊர் கூடி முடிவெடுத்தது. மீறுகிற குடும்பத்தைத் தள்ளிவைப்பார்கள்.

அறுப்புக்குக் கல்வராயன் மலையிலிருந்து ஆட்களை இறக்கினார்கள்.

சிந்திய கதிரை மட்டும் யாரும் தடுக்கவில்லை. அது காலங்காலமாகப் பொறுக்குகிறவளுக்குச் சொந்தம். அதில் கை வைக்க ஊருக்கே ஒரு பயம் இருந்தது.

ஆனால் மலை ஆட்கள் சுத்தமாக அறுக்கிறவர்கள். விடிந்ததிலிருந்து பொறுக்கியும் கூடையின் அடி மறையவில்லை. வீட்டில் அடுப்புப் பற்றவைத்து இரண்டு நாள். மூன்று பிள்ளைகள்.

போன தை மாசம் இதே நேரத்தில் ராஜாம்பாளும் அவளும் பம்புசெட்டு நிழலில் உட்கார்ந்து வேதம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

மிஷன் பள்ளிக்கூடத்தில் அஞ்சாவது வரை படித்த கொளஞ்சி, சோற்றுத் தூக்கோடு வேதப் புத்தகத்தையும் துணியில் முடிந்து எடுத்து வருவாள். வருஷா வருஷம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற ராஜாம்பாளுக்கு மதம் மாறுகிற எண்ணமெல்லாம் கிடையாது. வசனத்தைக் கேட்டுவிட்டு அதை வைத்துப் பஞ்சாயத்து பண்ணுவாள். அவ்வளவுதான். ஆள் நடமாட்டம் இருந்தால் கொளஞ்சி அவளை ‘அம்மா’ என்பாள். இல்லாவிட்டால் ‘அக்கா’.

அன்றைக்கு ரூத்தின் கதை. பிழைக்க வந்த ஊரில் கதிர் பொறுக்கி வயிறு கழுவிய விதவை அவள். நிலக்காரன் போவாஸ் தன் ஆட்களைக் கூப்பிட்டு, அவளுக்காக வேண்டுமென்றே கொஞ்சம் கதிரை உருவிப் போடச் சொன்னான். அவளை அதட்டக் கூடாது என்றும் சொன்னான்.

“குடுக்கிறவன் நேராக் குடுக்க வேண்டியதுதானே? இன்னாத்துக்கு இந்த ஒளிவு மறைவு?” என்றாள் ராஜாம்பாள்.

“நேராக் குடுத்தா பிச்ச ஆயிடும்க்கா. கீழ கெடந்தா அது அவளுது.”

ராஜாம்பாள் வெகுநேரம் யோசித்தாள். “அந்த ரூத்துக்குத் தெரியாமயாடி இருந்திருக்கும்?”

“தெரிஞ்சிருந்தா போயி ஒரு வார்த்த சொல்லியிருப்பா. அப்புடி எழுதலியே.”

ராஜாம்பாளுக்கு அந்தப் பதில் ஒப்பவில்லை. உதட்டைப் பிதுக்கிக்கொண்டு எழுந்து போனாள்.

அதே ராஜாம்பாள் இன்றைக்கு ‘ஏய்’ என்கிறாள். கொளஞ்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவள் கட்டுக் கட்டிவிட்டுப் போன தடத்தில் மூன்று எட்டு வைத்தாள்.

கை அப்படியே நின்றது.

ஒரு பிடி கதிர் கிடந்தது. நாலு முழம் தள்ளி இன்னொரு பிடி. அதற்கப்பால் இன்னொன்று.

தானாக விழுகிற கதிர் கழுத்தொடிந்து, திசைக்கொன்றாகக் கிடக்கும். இவை முழுத் தாளோடு, அடியில் அரிவாள் வெட்டோடு, தலையெல்லாம் ஒரே பக்கமாகக் கிடந்தன. கட்டிலிருந்து உருவி வைத்தவை. பிறந்ததிலிருந்து ஒரு கதிர் பொறுக்கி அறியாத ராஜாம்பாளுக்கு அந்த வித்தியாசம் எப்படித் தெரியும்?

தங்கதுரை குடையை மடக்கிக்கொண்டு எழுந்தான்.

அவன் கண்ணில் பட்டால் தீர்ந்தது. ராஜாம்பாள் புருஷன் இல்லாதவள். ஊர் தள்ளிவைத்தால், வருகிற வைகாசியில் வைத்திருக்கும் அவள் மகள் கண்ணகியின் கல்யாணம் நின்றுபோகும்.

கொளஞ்சி முந்தானையை இழுத்துவிட்டு உட்கார்ந்தாள். ஒவ்வொரு கதிராகக் கழுத்தை ஒடித்தாள். தாளைக் காலால் சேற்றில் மிதித்துப் புதைத்தாள். அடுத்த பிடிக்கு நகர்ந்தாள். ஒடித்தாள், மிதித்தாள். விரலில் தாள் அறுத்து ரத்தம் கசிந்தது. கைவேலை நிற்கவில்லை.

தங்கதுரை வந்து கூடைக்குள் கையை விட்டுக் கிளறினான். ஒன்றை எடுத்துப் பார்த்தான். குட்டைக் கழுத்து. இன்னொன்று. அதுவும் அப்படித்தான்.

“மலைக்காரனுவளுக்கு அறுக்கவே தெர்ல. இன்னா சிந்து சிந்தி வெச்சிருக்கானுவ!” என்று மலை ஆட்களை வைதுகொண்டே போனான்.

கூடை நிறைந்துவிட்டது. கொளஞ்சி அதைத் தலைக்கு ஏற்றிக்கொண்டு வரப்பில் நடந்தாள். வழியில் ராஜாம்பாள் குனிந்து கட்டுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு கை தூரம்தான். முடிச்சுப் போட்ட கை நின்றது. ஆனால் அவள் நிமிரவில்லை.

கொளஞ்சிக்கு நாக்கு நுனி வரை ‘அக்கா’ வந்தது.

அதை விழுங்கிக்கொண்டு, ஒரு வார்த்தையும் சொல்லாமல் அவளைக் கடந்து போனாள்.

ரூத்தும் இப்படித்தான் போயிருப்பாள்.