பிடி மட்டும் போதும்

“முறுக்குங்கண்ணே. கை உங்ககிட்டதான் இருக்குது. முறுக்குங்க.”

மெத்தை ஓரத்தில் மண்டிபோட்டுக் கெஞ்சிக்கொண்டிருந்தான் விழுப்புரத்து ஜூடோ மாஸ்டர் தேவநாதன். தொண்டை கம்மிப் போயிருந்தது.

மெத்தை நடுவில் சக்கரபாணி மல்லாந்து கிடந்தார். அவர் மேல் கவிழ்ந்து கிடந்தவன் திண்டிவனத்து ஆள். இருபத்தைந்து வயசு, திமிறும் உடம்பு. ஆனால் சக்கரபாணியின் கால்கள் இரண்டும் அவன் இடுப்பைச் சுற்றிப் பூட்டியிருந்தன. ஒரு கை அவன் பிடரியை அணைத்துக்கொண்டிருந்தது. இன்னொரு கையில் அவன் மணிக்கட்டு.

கீழே கிடந்தவர் விட்டால்தான் மேலே இருந்தவன் நகர முடியும்.

ஜூடோவுக்கான தடிச் சட்டை வாங்க இரண்டு ஊர்க்காரர்களுக்கும் வசதியில்லை. வெற்றுடம்போடுதான் போட்டி. வியர்வையில் வழுக்கும் ஆளை இப்படிப் பிடித்து வைப்பது லேசில்லை. ஆனால் கீழே கிடந்தபடி பிடித்தால் மட்டும் ஜெயித்துவிட முடியாது. எதிராளி தரையைத் தட்டி, போதும் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்குக் கையில் இருக்கும் கையை ஒரு முறுக்கு முறுக்கினால் போதும்.

ஐந்து ஜோடியில் நான்கு முடிந்து, ஆளுக்கு இரண்டு வெற்றி. இது கடைசி.

தேவநாதன் திரும்பிப் பார்த்தான். முதல் வரிசையில் சின்னக்கண்ணு முதலியார் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். விழுப்புரத்தில் இவர்கள் பழகுவது அவருடைய மல்லாட்டைக் கிடங்கில், வேர்க்கடலை மூட்டைகளுக்கு நடுவே. காலையிலேயே சொல்லிவிட்டார்: “இந்த வருஷமும் வெறுங்கையோட வந்தீங்கன்னா சாவியைக் குடுத்துடு தேவநாதா. எனக்கு மூட்டை அடுக்க இடமில்ல.”

“இன்னாய்யா, கட்டிப் புடிச்சிக்கினு தூங்கறியா?” கூட்டத்தில் ஒருத்தன் கத்தினான். சிரிப்பு.

சக்கரபாணி முறுக்கவில்லை. விடவும் இல்லை.

விசில் ஒலித்தது. யாருக்கும் வெற்றியில்லை. போன வருஷம் ஜெயித்த திண்டிவனத்திலேயே கோப்பை தங்கிவிட்டது.

“மாஸ்டர், ஜல்தியா பஸ் புடிச்சிடலாமா? வூட்ல தேடுவாங்க.” துண்டால் உடம்பைத் துடைத்தபடி சக்கரபாணி கேட்டார்.

தேவநாதன் பையைத் தோளில் மாட்டினான். சக்கரபாணி அவனைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். ஈ.பி.யில் லைன்மேன். ஒரு வருஷமாகத் தவறாமல் வருகிறார். வந்த நாளிலிருந்து இந்த ஒரு பிடியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார். மற்றதெல்லாம் சொல்லிக்கொடுத்தால் தலையாட்டுவார், செய்ய மாட்டார்.

விக்கிரவாண்டியில் டீ குடிக்க பஸ் நின்றது. எல்லோரும் இறங்கினார்கள். சக்கரபாணி மட்டும் இறங்காமல், எப்போ எடுப்பீங்க என்று கண்டக்டரை இரண்டு முறை கேட்டார்.

“தோத்த கவலைகூட இல்ல பாத்தியா, அந்த ஆளுக்கு,” என்றான் கூட வந்தவன். “பயந்தாங்கொள்ளி. நிறுத்திடு மாஸ்டர்.”

மறுநாள் காலை தேவநாதன் சைக்கிளை எடுத்தான். இனிமேல் வர வேண்டாம் என்று நேரிலேயே சொல்லிவிடுவது. கிடங்கு போய்விட்டால் மற்றவர்களை எங்கே வைத்துப் பழக்குவது என்ற நினைப்புதான் வழியெல்லாம்.

தெருவில் திரும்பும்போதே அலறல் கேட்டது. சக்கரபாணியின் வீடுதான். கதவு பாதி திறந்திருந்தது. சைக்கிளைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினான்.

கூடத்தில் சக்கரபாணி மல்லாந்து கிடந்தார். அவர் மேல் தாடி வளர்ந்த ஒரு முரட்டு ஆள், வெற்றுடம்போடு. அலறிக்கொண்டே தலையால் அவர் நெஞ்சில் முட்டிக்கொண்டிருந்தான். சக்கரபாணியின் உதட்டில் ரத்தம்.

தேவநாதன் அந்த ஆளின் தோளைப் பிடித்து இழுக்கப் போனான். சக்கரபாணியின் மனைவி தனம் குறுக்கே வந்து நின்றாள்.

“வேணாங்க. தொடாதீங்க. தொட்டா இன்னும் பயந்துடுவாரு.”

“யாரு இவரு?”

“அவரு தம்பி, துரைக்கண்ணு. நாலு வருஷமா இப்படி. திடீர்னு போயி தலையை செவுத்துல மோதிக்குவாரு. திருவக்கரை அம்மன் கோயிலுக்குப் போயி வந்தோம், டாக்டருங்ககிட்ட காட்டினோம். கட்டிப் போட்டுடுங்கன்னு எல்லாரும் சொன்னாங்க. சங்கிலி போட்டோம். கால் பூரா புண்ணாயிப் போச்சி.”

அவள் குரல் தணிந்தது.

“போன வருஷம் எங்க வூட்டுக்காரரு கிடங்கு வழியா வரும்போது உங்க கிளாஸைப் பாத்திருக்காரு. கீழ கிடந்தவன் மேல இருந்தவனை வலிக்காம புடிச்சி வச்சிருந்தானாம். அன்னைக்கே சங்கிலியைக் கழட்டி எறிஞ்சிட்டாரு. நேத்து இவரு வர்ற வரைக்கும் நான்தான் பிடிச்சிக்கினு இருந்தேன். என்னால முடியலைங்க.”

கூடத்தில் கால்கள் பூட்டியபடியே இருந்தன. ஒரு கை பிடரியை அணைத்துக்கொண்டிருந்தது. இன்னொரு கையில் மணிக்கட்டு. “ஒண்ணுமில்லடா. நான்தான். ஒண்ணுமில்ல,” என்று சக்கரபாணி முணுமுணுத்துக்கொண்டே இருந்தார்.

கால் மணி நேரம் ஆனது. அலறல் விசும்பலாகி, மூச்சாகி, அண்ணன் நெஞ்சிலேயே தூங்கிப் போனார் துரைக்கண்ணு.

தேவநாதன் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

“முறுக்கறது உங்களுக்கு வராதாண்ணே? நேத்து ஒரே ஒரு தடவை முறுக்கியிருந்தீங்கன்னா...”

“வரும் மாஸ்டர். நீங்க சொல்லிக்குடுத்த அன்னைக்கே வந்துடுச்சி.” தம்பி விழித்துவிடாமல் மெதுவாகச் சொன்னார் சக்கரபாணி. “ஆனா கைக்கு அது பழக்கமாயிடுச்சின்னா, என்னைக்காவது கோவத்துல இவன் கையைக்கூட முறுக்கிடுமே.”