சோதனைப் படம்

பல் துலக்கிவிட்டு, ஒரு டம்ளர் டீ போட்டுக் குடித்தான் விக்னேஷ்வரன். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். பெட்டியிலிருந்து கேமராவை எடுத்துத் துடைக்க உட்கார்ந்தான்.

பட்டாசு ஆலைகள் சூழ்ந்த திருத்தங்கல் காற்றில் எந்நேரமும் ஏதாவது ஒரு பொடி இருக்கும். ரப்பர் குமிழால் ஊதி, மெல்லிய துணியால் லென்ஸைத் துடைத்து, முடிந்ததும் எதிரில் இருப்பதைச் சோதனைக்கு ஒரு படம் எடுத்துப் பார்ப்பான். முன்பெல்லாம் எதிரில் மனைவி பாண்டிமீனா இருப்பாள். இன்று சுவர் இருந்தது. சுவரை எடுத்தான். தூசி இல்லை.

கம்ப்யூட்டரைத் திறந்தான். திரையில், வாசல் நிலையருகே அவள் நின்றுகொண்டிருந்தாள். அதுவும் சோதனைப் படம்தான். அதை எடுத்த அன்று, ஆலங்குளத்தில் இருக்கும் அம்மா வீட்டுக்கு பஸ் ஏறியவள், வழியில் நடந்த விபத்தில் இறந்துபோனாள்.

நாளை முதல் வருஷத் திதி. மதியத்துக்குள் படத்தைச் சட்டம் போடக் கொடுக்க வேண்டும். கடைசியாக எடுத்த படம்தான் வேண்டும் என்று மாமியார் சொல்லிவிட்டாள்.

அவள் தோளில் தொங்கிய பெரிய துணிப்பையை அழித்தான். அந்த இடத்தைச் சேலை மடிப்பால் நிரப்பினான். கண்ணும் நெற்றியும் மட்டும் தெரியுமளவுக்குப் பெரிதாக்கி, முகத்தை வெளிச்சமாக்கினான்.

"இதென்ன மாப்ள, எங்க ஊரு ஆலை சிமெண்ட்ட அள்ளிப் பூசுன மாதிரி வெளுத்து வச்சிருக்கீக?"

மாமியார் வெள்ளைத்தாய் பின்னால் நின்றாள். முதல் பஸ்ஸிலேயே வந்திருந்தாள்.

"வாங்க அத்த."

"எம் மக கறுப்பு. கறுப்பாவே இருக்கட்டும். சாப்பிட்டீகளா?"

"ஆச்சு."

அடுப்படியை எட்டிப் பார்த்தாள். "டீச்சட்டி, டம்ளரத் தவிர ஒரு ஏனம் நனையல, ஆச்சாம்ல! இருங்க, உப்புமா கிண்டுறேன்."

அவள் உள்ளே போனதும், வெளுப்பை நீக்கிவிட்டு, கல்யாணப் படத்திலிருந்து பாண்டிமீனாவின் உதடுகளை வெட்டி எடுத்து இந்த முகத்தில் பொருத்தினான். ஓரங்களைக் கரைத்தான். முழுப் படத்தையும் திரைக்குக் கொண்டுவந்தான். ஒட்டு தெரியவில்லை.

வெள்ளைத்தாய் தட்டோடு வந்தாள். திரையைப் பார்த்ததும் தட்டைக் கீழே வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"சிரிச்சுக்கிட்டுல்ல கிளம்பியிருக்கா!"

அவன் தட்டை எடுத்து மேசையில் வைத்தான்.

"மாப்ள, அன்னைக்கு எல்லாருகிட்டயும் நீங்கதான சொன்னீக, அம்மாவுக்கு முட்டி வலின்னு பாக்கக் கிளம்புனான்னு. முந்துன நாளு நான் போன்ல பொலம்பாம இருந்திருந்தா எம் பிள்ள இன்னைக்கு இருந்திருப்பால்ல? நாந்தான் அவள பஸ் ஏத்திக் கொன்னுருக்கேன். ஒரு வருசமா எனக்குச் சோறு எறங்கல."

"அப்படியெல்லாம் இல்ல அத்த."

"பெறகு? பட்டாசு சீசன் நேரம், வேலை நாளு. வேற எதுக்கு வந்தா?" முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "கிளம்பும்போது என்னதான் சொன்னா? எம் முட்டியப் பத்தித்தான சொன்னா?"

அவன் திரையைப் பார்த்தான். நிழற்படத்தில் செய்த திருத்தங்களை ஒவ்வொன்றாக நீக்கினான். சிரிப்பு மறைந்தது. இறுகிய உதடுகள் வந்தன. தோளில் அந்தப் பெரிய துணிப்பை வந்தது.

"உங்க முட்டியப் பத்தி அவ பேசவே இல்ல அத்த."

"அப்ப என்ன சொன்னா?"

"'இனி இந்த வீட்டுக்கு வரமாட்டேன், கூப்பிட வந்துராதீக.'"