ஆட மறுத்த கை

நரம்பியல் நிபுணர் டாக்டர் சந்திரமௌலீஸ்வரன் முன்னால் எந்த நரம்பும் பொய் சொன்னதில்லை என்பது ஊரறிந்த உண்மை. அவருடைய பட்டங்கள் பலகையில் இடம் போதாமல் சுவரிலும் தொடர்ந்தன. சலூன்காரர் மாசிலாமணியின் கை மட்டும் இதையெல்லாம் கேள்விப்பட்டிருக்கவில்லை. சவரக்கத்தியை எடுத்தாலே ஆடுகிற கை அது. நான்கு மாதம் காத்திருந்து உள்ளே வந்தால், டாக்டர் நீட்டச் சொன்ன இரண்டு கைகளும் நல்ல பிள்ளைகளாக அசையாமல் நின்றன.

“நல்லாத்தானே இருக்கு? வயசானா ஒரு பயம் வரும்,” என்றார் டாக்டர்.

“பயம் இவருக்கில்ல சார், சவரத்துக்கு வர்றவங்களுக்கு,” என்றாள் மனைவி தனபாக்கியம். “கடைப்பக்கம் ஒருத்தரும் எட்டிப் பாக்கிறதில்ல. ஏங்க, கடையில அந்த ஆட்டம் ஆடுமே, இப்ப என்ன வந்துச்சு அதுக்கு?”

மாசிலாமணி மனசுக்குள் கெஞ்சிப் பார்த்தார். கை மசியவில்லை. டாக்டரின் விரல் அடுத்த நோயாளிக்கான மணியை நோக்கிப் போனது. இன்னொரு நான்கு மாதம் கடை தாங்காது. பதற்றத்தில் மாசிலாமணி ஒரு கையைத் தானே ஆட்டிக் காட்டினார்.

“அட, ஆமா!” டாக்டர் மணியை விட்டுவிட்டுக் குனிந்து பார்த்தார். இரண்டு மாத்திரை, ஒரு ஸ்கேன். கோப்பின் தலையில் ‘இடது கை நடுக்கம்’ என்று அழகாக எழுதினார்.

நடுங்குவது வலது கை.