அங்க அடையாளம்

பள்ளிச் சான்றிதழின்படி தமயந்தியின் அங்க அடையாளம், இடது உள்ளங்காலில் ஒரு கறுப்பு மச்சம். சிகிச்சைக்கு அனுமதி தர வேண்டிய காப்பீட்டு அலுவலக எழுத்தர் அதைக் காட்டச் சொன்னார். கட்டுப் போட்ட காலைத் தூக்கி அவர் எதிரே நாற்காலியில் வைத்தாள்.

"கேன்சர்னு வெட்டி எடுத்துட்டாங்க சார்."

"அப்ப நீங்கதான்னு நான் எப்படிம்மா நம்புறது?"

ஸ்கேன் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். "போன மாசம் தொடையிடுக்குல இருந்துச்சு. இப்ப நுரையீரல்ல, ஈரல்ல. அதே மச்சம்தான் சார்."

எழுத்தர் கறுப்புப் புள்ளிகளை ஒவ்வொன்றாகப் பேனா முனையால் தொட்டுப் பார்த்தார். விண்ணப்பத்தில் உள்ளங்கால் என்பதை அடித்தார். மேலே எழுதப்போனவர் யோசித்து, பேனாவை மூடினார்.

"எல்லா எடத்துக்கும் போய் முடியட்டும், அப்புறம் வாங்க. ஒரு தடவதான் திருத்த முடியும்."